சீட்டுக்குப் பொத்தான் இல்லாத செயலி

வாய்மூடி இருந்தது போதும்.

ஜெர்மனி எசன் நகரத் தமிழர் ஒன்றியத்தின் ஆண்டுவிழா மேடையிலே, வெள்ளைத் துணி விரித்த நீண்ட மேசையின் நடுவே, ஆண்டுகள் மாறினாலும் ஆள் மாறாத அந்த நாற்காலியில் வீற்றிருக்கும் தலைவர் திரு. ஸ்ரீஸ்கந்தராஜா அவர்களே! அவருக்கு வலமும் இடமும் அமர்ந்து, அவர் தலையசைத்தால் தாமும் தலையசைக்கும் நிர்வாகசபைப் பெருமக்களே! தொழிற்சாலைகளில் தோள் தேய உழைத்து இந்த மண்டபத்துக்கு வாடகை கட்டிய மூத்தவர்களே! வேலை முடித்து, வீடு முடித்து, பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு ஏற்றி இறக்கி, அதன் மேலும் ரோல்ஸ் பொரித்துச் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! ஹம் நகரிலிருந்து, வழக்கம்போலத் தாமதித்த ரயிலில் நின்றபடியே வந்து சேர்ந்த அன்பர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இந்த வணக்கத்தை நான் உங்கள் முன்னால் நின்று சொல்லவில்லை. சொல்ல விடவில்லை. ஐந்து நிமிடம் கேட்டேன். "நேரமில்லை அண்ணை, பிள்ளையளின்ரை நடனம் இருக்கு" என்றார் தலைவர். நான் நகரவில்லை. அவர் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "இந்தக் கதையை மைக்கிலை கதைச்சா எல்லாரும் மாட்டுப்படுவம். பேசாமல் இருங்கோ." ஆகவே, தாளிலே மேடை கட்டுகிறேன். எந்த வரிசையிலிருந்து எந்தக் குரல் எழும் என்பது எனக்கு மனப்பாடம். அந்தக் குரல்களுக்கும் இங்கேயே பதில் சொல்வேன்.

இதோ, முதல் வரிசை கேட்கிறது: "ஆர் இதை எழுதினது?" ஐயா, தலைவரோடு மனம் கசந்தவர்களை ஏற்றினால் ஒரு பேருந்து நிறையும். அதில் ஓர் இருக்கை என்னுடையது. என் பேச்சை இவர் இடைநடுவில் நிறுத்தியதும், விழா மலரில் என் கட்டுரையைப் போட்டு என் பெயரை விட்டதும் எனக்கு மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன். ஆனால் இன்று நான் பேச வந்தது அதற்காக அல்ல.

எதற்காக? ஒரு செயலிக்காக. கைத்தொலைபேசியிலே வீட்டு வரவு செலவு பார்க்கும் ஒரு செயலிக்காக. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் சிரித்தவன்தான். இப்போது தொலைபேசி அதிரும்போதெல்லாம் என் நெஞ்சும் சேர்ந்து அதிர்கிறது.

நினைவிருக்கிறதா, போன பங்குனியில் இதே மண்டபத்தில் நடந்த கருத்தரங்கு? மியூனிக் பக்கம் கார்ஹிங்கில் கணினி ஆராய்ச்சி செய்கிற முகுந்த் என்ற இந்தியப் பிள்ளையை, இந்தச் செயலியை விளக்கத் தலைவர் வரவழைத்திருந்தார். நல்ல பிள்ளை, நாள் முழுக்க ரயிலில் வந்த களைப்பிலும் முகம் சுளிக்கவில்லை. அவன் மீது எனக்குக் கோபம் இல்லை. "அங்கிள், இது ரொம்ப சிம்பிள். உங்க பேங்க் அக்கவுண்ட்ட லிங்க் பண்ணிட்டாப் போதும், மீதி எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்" என்றான். அதுவே பார்த்துக்கொள்ளும்! எவ்வளவு இனிய சொல்! எவ்வளவு பயங்கரமான சொல்! நாம் கைதட்டினோம். தலைவர் எழுந்து, "ஒன்றியத்திலை இருக்கிற ஒவ்வொரு குடும்பமும் இதைப் போட்டிருக்க வேணும்" என்று கட்டளை இட்டார். போட்டோம்.

போட்டபின் என்ன கண்டோம்? எழுத்து எறும்பளவு. பெரிதாக்கினால் பொத்தான் திரைக்கு வெளியே ஓடிவிடும். சேமிக்கும் பொத்தான் ஒரு பக்கத்தில் வலப்புறம், அடுத்த பக்கத்தில் இடப்புறம். பிழையைத் திருத்தப் போனால் மறுபடி கடவுச்சொல். கடவுச்சொல்லைக் கொடுத்தால் அந்தப் பக்கமே மறைந்துபோகும். கார்த்திகை விரதத்துக்காகக் கோயிலில் கட்டிய அர்ச்சனைக் காசைப் பொழுதுபோக்கு என்றது. செத்தவீட்டுக்கு வாங்கிய மலர்வளையத்தைத் தோட்டப் பராமரிப்பு என்றது. ஆசைக்கு வாங்கியதையும் அழுகைக்கு வாங்கியதையும் ஒரே வட்டத்தில் அடைத்து, கேக் வெட்டுவதுபோல் துண்டு போட்டு, இந்த மாதம் நீங்கள் மகிழ்ச்சிக்கு அதிகம் செலவழித்துவிட்டீர்கள் என்று எச்சரித்தது!

என் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். தமிழ்க் கடையில் பன்னிரண்டு யூரோ ஐம்பதுக்கு மரக்கறி வாங்கி, கையால் பதிந்தேன். ஜெர்மனியில் சதத்துக்கு முன்னால் காற்புள்ளி போட வேண்டும். நான் பழக்கதோஷத்தில் புள்ளி போட்டேன். செயலி என்ன செய்தது? கேட்டதா? தயங்கியதா? புள்ளியை விழுங்கிவிட்டு ஆயிரத்து இருநூற்றைம்பது என்று பதிந்து, எங்கள் மாதம் முழுவதையும் சிவப்பாக்கியது. என் மனைவியின் தொலைபேசிக்கும் அறிவித்தல் போனது. சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ! ஆயிரத்து இருநூற்றைம்பதுக்கு முருங்கைக்காயோ? மரத்தோடை பிடுங்கிக்கொண்டோ வந்தனீங்கள்?"

"இல்லையப்பா, அது ஒரு புள்ளி..."

"பொருளாதாரம் படிச்ச மனுசன்! ஒரு புள்ளிக்கு விளக்கம் சொல்ல ஏலாது!"

சிரித்தீர்களா? நல்லது. இனிச் சிரிப்பு இல்லை.

சுலோஜனாவை உங்களுக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் அரைநேர வேலை, கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். வாடகைக்கு அரச உதவி எடுக்கிறா. எங்கள் சீட்டுக்கு அவதான் தாச்சி, சீட்டை நடத்துபவ. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்காக விளக்கம் சொல்கிறேன்: மாதாமாதம் ஒவ்வொரு குடும்பமும் ஒரே அளவு காசைத் தாச்சியிடம் கொடுக்கும். சேர்ந்த காசு முழுவதும் அந்த மாதம் முறை வந்த குடும்பத்துக்குப் போகும். தாச்சிக்கு அதில் மிஞ்சுவது நம்பிக்கை மட்டும். வங்கி நமக்குக் கடன் தர மறுத்த காலத்தில் நம்மை வாழவைத்தது இதுதான்.

காசை நாம் அவவின் வங்கிக் கணக்குக்கு அனுப்புவோம். ஆனால் சீட்டு எடுப்பவருக்கு அவ எப்படிக் கொடுப்பா? வங்கியால் அல்ல. அது நம் வழக்கம் இல்லை. முழுக் காசையும் எடுத்து வந்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து, தேத்தண்ணி தந்து, கையிலே கொடுப்பா. எண்ணிப் பார்ப்பதும் இல்லை. எழுதி வாங்குவதும் இல்லை. எண்ணினால் அவமரியாதை. எழுதினால் சந்தேகம். அப்படித்தானே அன்பர்களே?

இப்போது செயலியின் கண்ணால் பாருங்கள். காசு வருகிறது; செயலிக்குத் தெரிகிறது. காசு தாம்பாளத்தில் போகிறது. தாம்பாளத்துக்குச் செயலியில் இடம் இல்லை. கருத்தரங்கிலே சுலோஜனா கையை உயர்த்திக் கேட்டா, நினைவிருக்கிறதா? "தம்பி, சீட்டுக் காசை இதிலை எங்கை போடுறது?" முகுந்த் சற்று யோசித்தான். "சீட்டா ஆன்ட்டி? அதுக்குத் தனியா ஆப்ஷன் இல்லை. 'இதர வருமானம்'ல போட்டுடுங்க, ஒண்ணும் ஆகாது." இதர வருமானம்! அந்தப் பட்டியலில் வேறு என்ன இருந்தது? சம்பளம், வாடகை வரவு, அன்பளிப்பு, சூதாட்ட வெற்றி. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது ஒரு வாக்குமூலம்! உண்மையைச் சொல்ல ஒரு பொத்தான்கூட இல்லை!

மாதாமாதம் சீட்டுக் காசு வந்தது. மாதாமாதம் செயலி பச்சை விளக்குக் காட்டி, வண்ணக் காகிதம் தூவி, வாழ்த்துச் சொன்னது. உதவிப் பணத்தைப் புதுப்பிக்க அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் நிரப்பும் வேளை வந்தது. செயலியே வழி காட்டியது: உங்கள் வருமானச் சுருக்கத்தை ஒரே தொடுகையில் அனுப்பலாம். அவ தொட்டா. தொட்டது போய்விட்டது. திருப்பி எடுக்கப் பொத்தான் இல்லை.

உதவி வழங்கும் அலுவலகம் பதில் எழுதியது. இவ்வளவு வருமானம் உள்ளவருக்கு உதவி எதற்கு? இந்தக் காசு எங்கிருந்து வந்தது? எங்கே போனது? விளக்கம் தராவிட்டால், இதுவரை தந்ததையும் திருப்பித் தர வேண்டும். வருகிற வியாழன் காலை டெர்மின், அங்கே நேரில் போய் நிற்க வேண்டிய நேரம்.

சந்தைப் பக்கம் அவவைக் கண்டேன். கண் சிவந்திருந்தது.

"அண்ணை, நான் என்ன பிழை விட்டனான்? பச்சையாக் காட்டினது. பச்சை எண்டால் நல்லதெண்டு நினைச்சன்."

"தலைவரைக் கேட்டனீங்களோ?"

"ஓம், கேட்டனான். 'தங்கச்சி, செயலியைத்தான் ஒன்றியம் சொன்னது, சீட்டை ஒன்றியம் சொல்லேல்லை' எண்டார். சீட்டுக்காரர் ஒருத்தரும் போன் எடுக்கினமில்லை. அண்ணை, வீட்டை விட்டு எழுப்பிப்போடுவினமோ?"



பின்வரிசையில் முணுமுணுப்புக் கேட்கிறது: "அது அவவின்ரை பிரச்சினை." அப்படியா ஐயா? பிறகு ஏன் அந்தக் கடிதம் வந்த அன்று மாலையே தொலைபேசியின் சீட்டுக் குழுவிலிருந்து ஒவ்வொருவராகக் கழன்று போனீர்கள்? ஏன் செயலியை அழித்தீர்கள்? அழித்தால் உங்கள் வங்கிக் கூற்றும் அழியுமா? நான் சொல்கிறேன், அது பயம். குடியுரிமைக்கு விண்ணப்பித்து விரல் மடக்கிக் காத்திருப்பவருக்குப் பயம். கடைக் கணக்கில் காட்டாத காசைச் சீட்டில் போட்டவருக்குப் பயம். மனைவிக்குத் தெரியாமல் ஊருக்கு அனுப்பியவருக்குப் பயம். ஒரு பிழையும் செய்யாதவருக்குத்தான் எல்லாரிலும் கூடிய பயம். ஏனென்றால் பிழை எது என்றே அவருக்குத் தெரியாது!

எனக்குப் பயம் இல்லையா? இருக்கிறது அன்பர்களே. மாசி மாதச் சீட்டு எனக்கு விழுந்தது. அந்தத் தாம்பாளத்திலிருந்து நான் எடுத்த காசுதான் என் மகளின் திருமண மண்டபத்துக்கு முற்பணம். அதை எழுத்தில் காட்டு என்று ஓர் அதிகாரி கேட்டால் என் கை வெறுங்கை. எந்தப் பூதக்கண்ணாடியால் என்னைப் பார்ப்பார்கள், எவ்வளவு தூரம் தோண்டுவார்கள், எனக்குத் தெரியாது. கதவுமணி அடித்தால் முதலில் யன்னலால் பார்க்கிறேன். தபால்காரர் எங்கள் கட்டடத்தைத் தாண்டிப் போனால் மூச்சு வருகிறது. போரிலே துவக்குக்குத் தப்பி வந்தவன், இன்று அரச அலுவலகத்தின் ஒரு சாம்பல்நிற உறைக்கு ஒளிக்கிறேன்!

ஆனாலும் கேட்கிறேன். சுலோஜனாவின் தொலைபேசியில் நம் காசு வருமானம் என்று நிற்கிறது. உங்கள் தொலைபேசியில் அதே காசு என்னவென்று நிற்கிறது? பார்த்தீர்களா? என் செயலியில் அது உல்லாசப் பயணம்! அவவுக்கு வருமானம், எனக்கு உல்லாசம்! ஒரே காசு, இரண்டு பொய்! அவவின் திரையில் தாம்பாளம் இல்லை. தாம்பாளம் யாரிடம் இருக்கிறது? அதில் கை வைத்த நம்மிடம் இருக்கிறது. அவ கொடுத்தா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி, வாங்கிய கைகள்தான். அந்தக் கைகள் இன்று எங்கே? சட்டைப் பைக்குள்ளே!

ஒருவர் போனால் சந்தேகம். இருவர் போனால் சதி என்பார்கள். சீட்டுக்காரர் எல்லாரும் அவரவர் வங்கிக் கூற்றோடு போனால்? இந்த மாதம் நான் போட்டேன், இந்த மாதம் நான் எடுத்தேன் என்று ஆளுக்கொரு வாக்கியம் சொன்னால்? ஒரு முழு வட்டம் அந்த அதிகாரியின் மேசையில் கூடிவிடாதா? செயலி போடத் தெரியாத வட்டத்தை நாம் போட முடியாதா? ஆபத்து இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். சட்டம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: நாம் போகாவிட்டால் ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் வீடு இழப்பார்கள். எண்ணிப் பார்க்காமல் தந்த அவவை எண்ணிப் பார்த்துக் கைவிட்டவர்கள் ஆவோம்.

இதுவரை பொறுமையோடு கேட்ட தலைவர் அவர்களே, பொறுமை இல்லாமல் கேட்ட நிர்வாகசபையே, மனத்துக்குள் ஓம் என்று சொல்லிய தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் நன்றி. வியாழன் காலை, அலுவலகம் திறக்கிற நேரம். வணக்கத்தை அங்கே நேரில் சொல்வேன்.

கடைசியாக என் முடிவு. இதைப் பிரதி எடுத்து, உறைகளில் இட்டு, அனுப்புநர் பெயர் இல்லாமல் மஞ்சள் தபால் பெட்டியில் போடப்போகிறேன். பெயர் போட்டால் நீங்கள் என் கோபத்தைத்தான் வாசிப்பீர்கள், சுலோஜனாவை வாசிக்க மாட்டீர்கள். தலைவர் ஆளை ஊகித்தால் ஊகிக்கட்டும். பயமும் ஒரு காரணம், அதை மறைக்கவில்லை. வியாழன் காலை அவவுக்குப் பக்கத்தில், கையில் வங்கிக் கூற்றோடு ஒருவன் நிற்பான். வருகிறவர்களுக்கு என் பெயர் தெரியவரும். வராதவர்களுக்கு அது எதற்கு?