மணலுக்குள்ளிருந்து ஒரு குரல்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊர்த் தலைவர் உதய்பான் அவர்களே, ஆற்றில் ஆரத்தி மேடை அமைக்கப் புறப்பட்டிருக்கும் என் கொழுந்தனார் பிர்ஜ்மோகன் அவர்களே, பெரியோர்களே, சேலைத் தலைப்பால் வெயிலை மறைத்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அதோ மணல்திட்டில் வாய் பிளந்து வெயில் காயும் நீள்மூக்கு முதலைகளே, அனைவருக்கும் ராம் ராம்!

யார் அங்கே சிரிப்பது? கங்கையம்மாவின் வாகனம் அது. வணங்காமல் வாய் திறக்கலாமா?

அந்தத் திட்டில் மேடைக்கு முதல் கல்லை நான் வைக்க வேண்டுமாம். விரதம் விடாதவள், விளக்கை விடாதவள், மறுக்கவா போகிறாள் என்று அழைத்துவிட்டார்கள். நம் சம்பல் ஆறு சாபம் பிடித்ததாம். ஆரத்தி எடுத்தால் சாபம் தீருமாம். எது சாபம்? அந்தச் சாபத்துக்குப் பயந்துதானே இதில் எவரும் அழுக்கைக் கரைக்கவில்லை? அதனால்தானே மடுவில் டால்பின் புரள்கிறது, மணலில் ஆமை ஏறுகிறது, பஞ்சீராப் பறவை அலகால் தண்ணீரை உழுதுகொண்டு போகிறது? இந்தச் சாபம் தீரத்தான் வேண்டுமா?

போன வாரம் நடந்ததைக் கேளுங்கள். கொழுந்தனார் திட்டில் ஒலிபெருக்கி கட்டிச் சோதித்தார். பஜனை பள்ளத்தாக்கெல்லாம் முழங்கியது. இடுப்பு வலிக்கிறதே என்று நான் மணலில் சாய்ந்தேன். காது பட்ட இடத்தில் கிக், கிக் என்று ஒரு சத்தம். மணலுக்கடியில் முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் தாயை அழைக்கின்றன! அவள் கேட்டு வந்து தோண்டினால் பிழைக்கும்; தோண்டாவிட்டால் மழைவெள்ளம் மணலோடு மூடிவிடும். அவளோ தண்ணீரில் தலையை நீட்டி அங்குமிங்கும் அலைகிறாள்.

"தம்பி, பாட்ட நிறுத்துங்க" என்றேன்.

"என்ன அண்ணி, சாமி பாட்டையா? அதுவும் நீங்க சொல்றீங்களா?"

"சாமிக்கு எங்கேருந்தாலும் கேக்கும். இவளுக்குத்தான் புள்ள கூப்பிடுறது கேக்கல."

முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினார். படகுக்குப் பின்வாங்கி நின்றோம். அவள் கரையேறினாள், காது கொடுத்தாள், கீறினாள். விரல் நீளத்தில் மூக்கு மூக்காகக் குஞ்சுகள் வெளியே வந்தன. அப்போது கொழுந்தனார் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். என்ன தம்பி, வியர்வையா? சரி, வியர்வை.

இன்னும் திறக்காத முட்டைக் குழிகள் அந்தத் திட்டில் இருக்கின்றன. வாகனத்தை விரட்டிவிட்டா அம்மாவை வரவேற்பது? வைக்கமாட்டேன் அந்தக் கல்லை! என் கையால் வைக்கமாட்டேன், எவர் கையாலும் வைக்க விடமாட்டேன், கல்லேற்றிய படகு என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்! ஆரத்தியா? எடுப்போம். ஊர்க் கோயிலில் எடுப்போம், மண்விளக்கில் எடுப்போம், மனம் நிறைய எடுப்போம்.

விருந்துக்குச் சுட்ட பூரி ஆறுகிறதா, அக்கா? ஆறட்டும்.

மைக்செட்காரத் தம்பி, இந்த மைக்கையும் அணைத்துவிடுங்கள். மீதியை வெறும் வாயால் சொல்கிறேன், கிட்டே வாருங்கள். பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. இனி கொஞ்சம் பேசாமல் இருப்போம், அங்கே ஒரு தாய் காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள். மெல்லச் சொல்கிறேன், ராம் ராம்.