ஈரம் இல்லாத அறை

பழங்காசு சேர்க்கும் பழக்கம் உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், சார், முதலில் இதைச் சொல்லிவையுங்கள்: மலிவாகக் கிடைக்கிறதே என்று வழவழப்பான பிளாஸ்டிக் உறைகளில் போட்டுவைக்க வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும். ஒரு மழைக்காலம் போய் எடுத்துப் பார்த்தால் காசின் மேல் பச்சையாக, பிசுபிசுவென்று ஏதோ படிந்திருக்கும். என் செப்புக் காசுகளில் பாதி அப்படித்தான் பாழாயின. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே அலைந்தாள்.

"போனது போகட்டும்டா. காசுக்காக யாராவது பட்டினி கிடப்பாங்களா?"

உலகத்தில் முக்கால்வாசிப் பேர் அதற்காகத்தான் கிடக்கிறார்கள் என்று நான் பதில் சொல்லவில்லை. அக்காவை நான் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளைப் பற்றி மாடி வீட்டு டீச்சர் ஏற்கெனவே கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லியிருப்பார். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள், தைத்துத் தைத்துப் படிக்கவைத்தவள், எனக்காகக் கல்யாணமே செய்துகொள்ளாதவள். எல்லாம் உண்மை. நான் மறுக்கவில்லை. துணித் தூசியிலேயே கிடந்ததில் அவளுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. நான் மருந்துக்கடையில் வேலை செய்வதால் அவளுக்கு வேண்டிய இழுப்பு மருந்தை ஊழியர் சலுகையில் வாங்கிக் கொடுத்தேன். ஆக, நன்றி விஷயத்தில் என் பக்கம் பாக்கி ஒன்றும் இல்லை.

காசுகளுக்கு வருவோம். வங்கி லாக்கரை விசாரித்தேன். பூமிக்கு அடியில் ஓர் அறை, சுவரெல்லாம் ஓதம். உள்ளே ஈரப்பதம் எவ்வளவு என்று மேலாளரிடம் கேட்டேன்.

"என்ன சார், பிஸ்கட்டா வைக்கப்போறீங்க, நமுத்துப்போறதுக்கு?" என்று சிரித்தார்.

அவர் சிரிப்புக்கும் சேர்த்து ஆண்டு வாடகை கேட்டார்கள். தீப்பிடிக்காத இரும்புப் பெட்டியைப் பார்த்தேன். அந்தப் பெட்டியின் சுவருக்குள் அடைத்திருக்கும் பொருளே ஈரத்தைக் கசியவிடும் என்று பழங்காசு விற்கும் பெரியவர் சொன்னார். "வீட்லயே நல்லாக் காஞ்ச எடமா பாத்து வைங்க தம்பி. காகித உறை, மர அலமாரி, ஈரம் மட்டும் அண்டக் கூடாது. செலவும் கம்மி" என்றார். அவரை நீங்கள் விசாரிக்க வேண்டாம். யோசனை அவருடையதுதான், ஆனால் பாவம், வயதானவர்.

எங்கள் வீட்டில் காய்ந்த இடம் என்றால் நடு அறைதான். அதில் அக்கா இருந்தாள். அவள் கட்டில், தையல் மிஷின், அவள் இரண்டு புடவைக் கொடிகள். என் அறையில் ஏன் வைக்கவில்லை என்று கேட்கிறீர்கள். என் அறை குளியலறையை ஒட்டியது, சார். அறையை மாற்றிக்கொண்டிருக்கலாமே என்றால், குளியலறையை ஒட்டிய ஈரத்தில் மூச்சிரைப்புக்காரியைப் படுக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஹாலிலோ குளிர் காற்று. அக்காவின் உடம்பை நினைத்துத்தான் அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, காசு அலமாரியை அவள் கட்டிலுக்கு எதிரே வைத்தேன்.

மூடிவிட்ட ஒரு போட்டோ ஸ்டூடியோவிலிருந்து ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கிவந்தேன். மாத்திரை டப்பாக்களில் வருமே, தின்னக்கூடாது என்று அச்சடித்த சின்னப் பொட்டலங்கள், அவற்றைக் கடையில் சேர்த்துவைத்து அலமாரித் தட்டுகளில் பரப்பினேன். அதற்குச் செலவே இல்லை. ஈரமானி ஒன்றை மாட்டினேன். அதன் ஒயர் அறைக்குள் இருக்கும், எண் காட்டும் பெட்டி வெளியே ஹால் சுவரில் இருக்கும். கதவைத் திறக்காமலே உள்ளே நிலவரம் தெரிந்துவிடும். நல்ல கருவி.

ஆனால் எண் இறங்கவே இல்லை. காரணம் கண்டுபிடிக்க உங்கள் இலாகா தேவைப்படவில்லை. அக்கா ஆவி பிடித்தாள். கட்டிலுக்கு அடியில் தண்ணீர்ச் செம்பு வைத்திருந்தாள். ஈரத் துண்டைக் கொடியில் போட்டாள். பக்குவமாக எடுத்துச் சொன்னேன். ஆவி பிடிக்கும் பாத்திரத்தைக் கடைக்கு எடுத்துப்போய்விட்டேன். செம்பு ஹாலுக்கு வந்தது. அவள், "உனக்கு அது ஒண்ணுதானேடா சந்தோஷம்" என்று மட்டும் சொன்னாள்.

அப்படியும் காலையில் எண் ஏறியிருக்கும். கடைசியில்தான் புரிந்தது. அவள் மூச்சு விடுகிறாள், சார். ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் இருக்கிறது. அதற்காக ஒருவரைக் கோபித்துக்கொள்ள முடியுமா? நான் கோபித்துக்கொள்ளவில்லை.

வெளிக்காற்றையாவது நிறுத்தலாம் என்று ஜன்னலைப் பசைநாடா ஒட்டி அடைத்தேன். கதவின் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டினேன். வெளிப்புறம் ஒரு பூட்டும் போட்டேன். விலைமதிப்புள்ள சேகரிப்பு, வீட்டில் ஒரு நோயாளி மட்டும், நான் வேலைக்குப் போய்விடுகிறேன். திருடன் வந்தால் அக்காவுக்கும் அது பாதுகாப்புதானே? நான் வெளியே போகும்போது பெரும்பாலும் அவள் ஹாலில் உட்கார்ந்துகொள்வாள். அசந்து தூங்கினால் எழுப்ப மாட்டேன், அப்படியே பூட்டிக்கொண்டு போவேன். தூங்குகிறவர்களை எழுப்புவது எனக்குப் பிடிக்காது.

அன்றைக்கும் அவள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பழங்காசுப் பெரியவர் ஒரு செப்புக்காசு வந்திருப்பதாகச் சொல்லியிருந்தார். பூட்டிவிட்டுப் போய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். படியேறும்போதே மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, ஹால் சுவரே வியர்த்தது. உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

"தம்பி, வந்துட்டியா? கொஞ்சம் தொறடா. மூச்சு முட்டுது. மருந்து வெளியவே வெச்சுட்டேன்."

ஆமாம், மருந்து சாப்பாட்டு மேசையில்தான் இருந்தது. நான் பார்த்தேன். பக்கத்தில் அவள் செம்பும் இருந்தது. பெட்டியில் எண் அன்றுதான் முதல்முறையாக ஓரளவு நல்ல நிலைக்கு வந்திருந்தது. கதவைத் திறந்தால் அந்த மழையின் ஈரம் முழுக்க உள்ளே போகும். மாதக்கணக்கில் பட்ட பாடு ஒரு நிமிஷத்தில் வீண்.

"மழை விட்டதும் தொறக்கிறேன் அக்கா. பேசாம படு. பேசினா இன்னும் இரைக்கும்" என்றேன். மருத்துவரீதியாக அது சரியான ஆலோசனை. உங்கள் மருத்துவரையே கேட்டுப்பாருங்கள்.

"மழை எப்படா விடும்?" என்று கேட்டாள்.

அது எனக்கு எப்படித் தெரியும்?

மறுபடியும் தட்டினாள். மாடி டீச்சர் குடையோடு படியிறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, ஏதோ தடதடன்னு சத்தம் கேக்குதே?"

"அக்கா தைக்கிறாங்க டீச்சர். பழைய மிஷின்" என்றேன். "நீங்க நனையாதீங்க, மேல போங்க."

நல்ல பெண்மணி, போய்விட்டார். இப்போது அவருக்குத் தூக்கம் வருவதில்லை என்கிறீர்கள். எங்கள் கடையில் அதற்கு மாத்திரை இருக்கிறது, ஆனால் மருத்துவர் சீட்டு வேண்டும்.

அதன்பிறகு சத்தம் குறைந்தது. கதவின் கீழ்ப்பக்கத்தில் நகத்தால் சுரண்டுவது போல ஒன்று கேட்டது. ரப்பர் பட்டை பிய்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டேன். பிறகு அதுவும் நின்றது. நான் நாற்காலியைப் பெட்டிக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எண் இறங்க ஆரம்பித்தது. நின்று நின்று, ஆனால் திரும்ப ஏறாமல் இறங்கியது. அத்தனை மழையிலும்.

ஏன் இறங்குகிறது என்று தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும், சார். நான் படித்தவன். மூச்சு விடுகிறவர் இல்லாத அறைதான் சீக்கிரம் காயும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். சாவி சட்டைப்பையில் இருந்தது. எழுந்திருக்கவில்லை. அந்த எண்ணைப் பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது.

ஆனால் கொலைகாரன், நெஞ்சில் ஈரம் இல்லாதவன் என்றெல்லாம் தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மழை விட்டதும் நானேதான் போய்க் கதவைத் திறந்தேன். அக்காவுக்குக் கொடுத்த வாக்கை நான் ஒருநாளும் மீறியதில்லை.