ஷூ லேஸ் வட்டம்

பயிற்சி நாளன்று கேன்டீனில் கொடுத்த சமோசா சூடாகவே இருந்தது, மேடம். நாற்பது பெண்கள் சாப்பிட்டார்கள், ஒருவரும் குறை சொல்லவில்லை. ஏற்பாடு என்னுடையது. இந்த ஷூ கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர் பரணிதரன் என்ன செய்தான் என்று விசாரிக்க வேலூரிலிருந்து வந்திருக்கிறீர்கள்; நல்லதையும் சேர்த்துக் குறித்துக்கொள்வதுதான் நியாயம்.

எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்டதால் வந்த பயிற்சி அது. பெண் தொழிலாளர்களின் மனநலத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று ஆடிட்டில் ஒரு கேள்வி. முதலாளி சென்னையிலிருந்து சங்கீதா மேடத்தை வரவழைத்தார். உடல்வழி உளச்சிகிச்சை நிபுணர். பேசித் தீராத பயம் உடம்பில் போய்த் தங்கிவிடுமாம். உடம்பைப் பழக்கினால் மனசு தன் எல்லையைத் தானே காத்துக்கொள்ளுமாம்.

"உங்க தோல்தான் உங்களோட முதல் எல்லை" என்றார், கண்ணை மூடிக்கொண்டு. ஆம்பூரில், தோல் வாடையிலேயே பிறந்து வளர்ந்தவர்களிடம்.

"ஆட்டுத்தோலா மேடம், மாட்டுத்தோலா?" என்று கேட்டாள் ஸ்டிச்சிங் லைன் ஹுமேரா. கேன்டீனே சிரித்தது. நிபுணர் கண்ணைத் திறந்துவிட்டார்.

பயிற்சி இதுதான். கழித்துப்போட்ட ஷூ லேஸ்களை ஒன்றோடொன்று முடிந்து, ஒவ்வொருத்தியும் தன்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு நிற்க வேண்டும். எதிரிலிருந்து ஒருவர் மெல்ல நடந்து வருவார். இதற்குமேல் வேண்டாம் என்று உடம்பு சொல்கிற இடத்தில் "நில்லுங்க" என்று சொல்ல வேண்டும். நடந்து வர ஓர் ஆண் தேவை என்றார். நானே நடந்தேன், நாற்பது முறை.

ஒவ்வொருத்தியும் என்னை நிறுத்திய தூரத்தை டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதியது என் சொந்த யோசனை. "எவ்வளவு ஈடுபாடு சார் உங்களுக்கு" என்று சங்கீதா மேடம் பாராட்டினார். எனக்குப் பழக்கம், அவ்வளவுதான். இந்த வேலைக்கு வருமுன் வாணியம்பாடி டேனரி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் தோல் தரம் பிரித்தேன். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே எது தாங்கும், எது தாங்காது என்று சொல்லிவிடுவேன்.

ஹுமேரா எட்டடியில் நிறுத்தினாள். "அங்கயே நில்லுங்க சார். ஜாஸ்தி கிட்ட வர்றீங்க." மற்றவர்கள் மூன்றடி, நான்கடி. ஆலங்காயத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் நந்தினி, இருபத்திரண்டு வயது, வாயே திறக்கவில்லை. என் ஷூ முனை லேஸைத் தாண்டியது. அவள்தான் தன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஏம்மா, சொல்லலையே?"

"நீங்க பெரியவங்க சார். நில்லுன்னு எப்டி சொல்றது?"

பூஜ்யம் என்று எழுதினேன்.

அந்த வாரம் ப்ரொடக்‌ஷன் மேனேஜர் தனகோடி என் அறைக்கு வந்தார். அவருடைய ஸ்டோரில் உதவிக்கு இருந்த இரண்டு பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். ஒருத்தியின் அண்ணன் கேட்டில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனான். "பரணி, இந்த தடவ பேஜார் பண்ணாத பொண்ணா ஒண்ணு பாத்துக் குடு" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. தெரிந்ததைக் கேட்பது நேர விரயம். நோட்டைப் பிரித்தேன். தேட வேண்டியே இருக்கவில்லை.

"உக்காந்து பாக்கற வேலையா சார்?" என்றாள் நந்தினி, ஸ்டோருக்கு மாற்றல் உத்தரவைப் பார்த்து. நான்கு வருஷம் நின்றே வேலை செய்தவள்.

"ஃபேன்கூட இருக்கும்மா."

நான் கல்நெஞ்சன் இல்லை. அவளுக்குத் தனிப்பயிற்சி வேண்டும் என்று சங்கீதா மேடம் கேட்டபோது அனுமதித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். மூன்று சனிக்கிழமை. பாதம் இரண்டையும் தரையில் ஊன்று, அடிவயிற்றிலிருந்து குரலை எடு, உள்ளங்கை இரண்டையும் முன்னால் நீட்டு. கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தேன். முதல் சனிக்கிழமை அவள் சொன்னது அவளுக்கே கேட்டிருக்காது.

பயிற்சிப் படிவத்தில் அவள் கையெழுத்து தேவைப்பட்டது. அதற்குத்தான் மூன்றாவது சனிக்கிழமை கழிந்து வந்த வியாழக்கிழமை நாலு மணிக்கு ஸ்டோருக்குப் போனேன். டீ நேரம், மிஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

"நில்லுங்க சார்" என்று உள்ளேயிருந்து நந்தினியின் குரல் கேட்டது. பிறகு, "நில்லுங்க." பிறகு, "நில்லுடா." மரியாதைதான் குறைந்துகொண்டே வந்தது, குரல் குறையவில்லை. அட்டைப் பெட்டிகள் சரிந்தன.

இரண்டு பெண்கள் டீ டம்ளருடன் திரும்பி வந்தார்கள். "ஸ்டாக் எடுக்கறாங்க, அப்பறம் வாங்கம்மா" என்று அனுப்பினேன். மற்றவர்களும் வந்துவிடுவார்கள். கதவருகே தோல் விளிம்பு சீவுகிற மிஷின் இருந்தது. சுவிட்சைப் போட்டேன். அது நன்றாகச் சத்தம் போடும். இருபது நிமிஷம் ஓடவிட்டேன். அதில் சீவ ஒரு துண்டுத் தோலும் இல்லை.

தனகோடி முதலில் வெளியே வந்து, முகம் கழுவப் போனார். அவள் பிறகு வந்தாள். மிஷினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இங்கதான் இருந்தீங்களா சார்?"

"ஆமாம்மா."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

படிவத்தை நீட்டினேன். அவள் அதை வாங்காமல் போய்விட்டாள்.

கம்பெனியின் புகார்க் குழுவுக்குச் செயலாளர் நான். புகார்ப் பெட்டியின் சாவி என்னிடம் இருக்கிறது. அதில் அவள் ஒன்றும் போடவில்லை. மறுநாள் ஹுமேராவைக் கூட்டிக்கொண்டு நேராக வேலூருக்கு உங்களிடம் வந்துவிட்டாள். எங்கே போகக்கூடாது என்பதும் உடம்புக்குத் தெரியும் போலிருக்கிறது.

தேர்ந்தெடுத்தது நான், அனுப்பியது நான், மிஷினைப் போட்டதும் நான். மறுக்கவில்லை. அந்தப் படிவத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், மேடம். 'எல்லையைச் சொல்லும் திறன்' என்ற கட்டத்தில் 'மிகவும் மேம்பட்டுள்ளது' என்று நான் எழுதியிருப்பது முழு உண்மை. மூடிய கதவுக்கு வெளியே பன்னிரண்டு அடிக்குக் கேட்டது. அளந்து பார்த்துத்தான் எழுதினேன்.