நாலாம் நாள் நரம்பு

தேடி அலைஞ்சுட்டீங்களா? எல்லாரும் அங்கதான் ஏமாறுவாங்க சார். இங்க தரைத்தளத்தைப் பூஜ்ஜியம்னு போட்டிருக்காங்க. நாம அதையே ஒண்ணுன்னு எண்ணிக்கிட்டு வந்துடறோம். உக்காருங்க. உங்க பொண்ணோட சாமான் எல்லாம் இந்தப் பெட்டியில இருக்கு. இருபத்தாறு உருப்படி, சீட்டு மேலயே ஒட்டியிருக்கேன். வெள்ளைக் கோட்டு மட்டும் இன்னும் காயல. நான்தான் துவைச்சுப் போட்டேன். சாயக்கறையோட குடுத்தனுப்ப மனசு வரல.

நானா? லேப்ல உதவியாள் சார், எட்டாவதுதான் படிச்சிருக்கேன். பல்லை மெழுகுல புதைச்சு, மெஷின்ல வச்சு சீவி, கண்ணாடியில ஒட்டிக் குடுக்கணும். ஒரு முடியைப் பத்தாக் கிழிச்சா எவ்வளவு மெலிசோ அவ்வளவு மெலிசு. எலிக்குட்டிப் பல்லு கடுகளவுதான் இருக்கும், அதுல நூத்தி நாப்பது சீவல் வரும். முப்பத்தொரு வருஷத்துல ஒரு சீவலும் தொலைச்சதில்ல. அதனால என் பேரே கணக்குன்னு ஆயிடுச்சு. உங்க பொண்ணு மட்டும் கணக்கய்யாம்பா.

வீட்ல எப்படி இருக்கு? சாப்பிடறதே இல்லையா. ம்.

என்ன ஆராய்ச்சின்னு உங்ககிட்ட சொல்லியிருக்கா? சொல்லலையா? என்கிட்ட சொல்லியிருக்கு. பல்லு முளைக்கறப்பவே நரம்பு கூட வராதாம் சார். பல்லு பாட்டுக்குத் தாடைக்குள்ள வளருமாம். நரம்பு கிட்ட வந்து, உள்ள போகாம வெளியிலயே நிக்குமாம். எலிக்குட்டி பிறந்து நாலாம் நாள்தான் நுழையுமாம். அதுவரைக்கும் யாரு தடுக்கறதுன்னு கேட்டேன். செல்லைச் சுத்தி வலை மாதிரி புரதங்க கிடக்கு கணக்கய்யா, சிலது கிட்ட வராதேன்னு தள்ளும், சிலது இந்தப் பக்கம் வான்னு வழிகாட்டிக் கூட்டிட்டுப் போகும்னுச்சு. அப்ப என் கடைவாய்ப் பல்லு வலிக்கறதுக்கு இவங்கதான் பொறுப்பான்னேன். சிரிச்சுது பாருங்க, பக்கத்து அறையிலேர்ந்து எட்டிப் பாத்தாங்க.

வான்னு கூப்பிடற புரதத்துல ஒண்ணை மருந்தால கட்டிப்போட்டா நரம்பு என்ன பண்ணும்? அதைத்தான் பாத்துச்சு. ஒரு நாள் பிந்திடுச்சு சார். நாலுக்குப் பதிலா அஞ்சாம் நாள் நுழைஞ்சுது. கையைத் தட்டிக்கிட்டு ஓடிவந்து முதல்ல என்கிட்டதான் சொல்லுச்சு.

ஆமா, இப்பப் பிரச்சினை ஆகியிருக்கறது அதேதான். வேற ஊர்ல ரெண்டு பேர் செஞ்சு பாத்தாங்க. மருந்து குடுத்தாலும் நாலாம் நாளே வந்துடுச்சாம். அப்ப இது இட்டுக்கட்டினதுன்னுட்டாங்க. நீங்களும் அப்படித்தான் நினைச்சீங்களா? இல்ல, கேட்டிருக்கக் கூடாது. ஆனா வீட்ல அந்த வார்த்தையை எடுத்துடாதீங்க சார். பொய் எழுதற கை இல்ல அது.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டாங்க. எதிர்ல அஞ்சு பேர். ஸ்லைடு மேல நாள் எழுதினதுல தப்பு வந்திருக்குமான்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, எங்க லேப்பை நடத்தற பெரிய மேடமே, கணக்கு எண்ணினா தப்பாதுன்னுட்டாங்க. உள்ளுக்குள்ள குளுந்து போச்சு. ரெண்டு தடவை எண்ணினேம்மான்னேன். உங்க பொண்ணும் ஆமான்னு தலையாட்டுச்சு.

நான் ஏன் எழுதினேனா? நாள் எழுதறது என் வேலை இல்லதான், படிக்கறவங்களே எழுதிடுவாங்க. மருந்து குடுக்காம சும்மா இருந்த குட்டிங்களுக்கு உங்க பொண்ணுதான் எழுதுச்சு. மருந்து குடுத்த எலி குட்டி போட்டப்ப உங்க பொண்ணுக்குக் காய்ச்சல், எட்டு நாள் உங்க வீட்லதான் படுத்திருந்துச்சு. குட்டிங்களோட நாளை எண்ணிப் பல்லை எடுத்து வைங்க கணக்கய்யா, உங்களை நம்பித்தான் இருக்கேன்னு போன் பண்ணுச்சு. தினம் காலையில ஆறு மணிக்கு வந்துடுவேன் சார். ஒரு நாள் தவறல.

கோட்டு காஞ்சிருக்கும். இருங்க, மடிச்சுத் தரேன். இதோட இருபத்தேழு.

அந்த விசாரணை மேஜையில உங்க பொண்ணோட நோட்டு விரிச்சபடி இருந்துச்சு. ரெண்டு தடவை எண்ணினேன்னு சொல்லிட்டுக் குனிஞ்சவன் கண்ணுல பட்டுச்சு. பிறந்த அன்னைக்குப் பூஜ்ஜியம்னு முத வரியிலயே எழுதியிருந்துச்சு. நம்ம வீட்ல குழந்தை பிறந்தா அன்னைக்கே ஒண்ணுன்னுதானே சார் எண்ணுவோம்? நானும் அப்படித்தான் எண்ணினேன். ரெண்டு தடவையும். அதோட நாலுதான் நான் எழுதின அஞ்சு.

விசாரணை முடிஞ்சு இருபத்திமூணு நாள் ஆச்சு. மேடம் ரூம் இந்த வராந்தாவோட கோடியில. மூணு தடவை கதவு வரைக்கும் போய் நின்னுட்டுத் திரும்பிட்டேன். பெட்டியை நான் எடுத்துக்கறேன். நீங்க கொஞ்சம் முன்னால நடங்க சார், அந்தக் கதவு வரைக்கும்.