தவளை அறுத்த கை

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் உவர் உண்டு, டொக்டர். தேநீரின் ருசி பிடிக்காவிட்டால் அப்படியே வைத்துவிடுங்கள், நான் குறை நினைக்கமாட்டேன். ஆனால் பயமில்லாமல் குடிக்கலாம். நன்றாகக் கொதித்த தண்ணீர். இந்த வீட்டில் அந்த விஷயத்தில் நான் சொல்வதைத்தான் எல்லாரும் கேட்பார்கள்.

மருத்துவிச்சி நல்லம்மாவைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். என் அக்காவின் பிரசவத்தைப் பார்த்தவள் அவள். அக்கா செத்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இனி அவளை எந்த வீட்டிலும் பிரசவம் பார்க்க விடக்கூடாது என்று ஊரார் இப்போது மனுக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் அவளிடம் போனபோது, "என்ரை கைதான் அம்மா, வேறை ஒருதரும் இல்லை" என்று மட்டும் சொன்னாளாம். அவளுடைய கை என்பது சரி. வேறு ஒருவரும் இல்லை என்பது சரியல்ல.

அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறா. ஐயா புகையிலைத் தோட்டத்தில் நிற்கிறார். பிள்ளை தூங்குகிறாள். அதனால் அவசரமில்லாமல் ஆறுதலாகச் சொல்கிறேன்.

நான் அதிகம் கதைக்கிறவள் அல்ல. கொழும்பில் விஞ்ஞானம் படித்த காலத்தில் எங்கள் பேராசிரியர் என்னை ஊமை என்றே சில மாதம் நினைத்திருந்தார். அக்கா பூரணம் வேறு மாதிரி. வாசல் படலையில் மீன்காரன் வந்து நின்றாலும் அவனுடைய மாமியாரின் வருத்தம் வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் மீனைத் தொடுவாள்.

தியாகராசா மாஸ்ரர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கியபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஐயா வீட்டுக்குப் பத்திரிகை எடுப்பித்தவர். அதைப் படிக்க மாஸ்ரர் பின்னேரங்களில் சைக்கிளில் வருவார். அக்கா தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பாள். நான் கதவுக்குப் பின்னால் புத்தகத்தோடு இருப்பேன். "உள்ளை ஆரோ பெரிய படிப்புப் படிக்கினம் போல" என்று அவர் சத்தமாகச் சொல்வார். ஒருநாள் எனக்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்தார். அதை அக்காவிடம் கொடுத்து, என்னிடம் கொடுக்கச் சொன்னார். நான் விஞ்ஞானம் படித்தது அந்தக் கண்ணாடியால்தான். பத்திரிகை அவருடைய பள்ளிக்கூடத்திலும் வரும் என்று பிறகு அறிந்தேன். அப்படியானால் அவர் எதற்காக வந்தார் என்பதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்புத் தேவையில்லை.

கொழும்புக்குப் போகுமுன் அக்காவிடம் என் மனதைச் சொன்னேன். அவளிடம் மட்டும்தான் சொன்னேன். அவளும் வாக்குக் கொடுத்தாள். அடுத்த வருஷம் அவளுக்கும் மாஸ்ரருக்கும் கல்யாணம் என்று ஐயாவின் கடிதம் வந்தது. நான் வந்து பூத்தட்டுப் பிடித்துக்கொண்டு மணவறைக்குப் பக்கத்தில் நின்றேன். அக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவு துணிவு அவளுக்கு.

அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பெண் வீட்டில் மாப்பிள்ளை வந்து இருப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நான் பட்டம் பெற்றுத் திரும்பி வந்து பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கியபோது ஒரே கிணறு, ஒரே அடுப்பு. நான் அவரை அத்தான் என்று கூப்பிடப் பழகினேன். அக்காவிடம் ஒருநாளும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற சுபாவம் எனக்கு இல்லை.

அக்காவுக்குப் பிள்ளை தங்கியது. வயிறு பெருத்த பிறகு அவளுடைய கேலிப் பகிடியும் பெருத்துவிட்டது. ஒருநாள் சாப்பாட்டு நேரம் என் கையைப் பிடித்து எல்லாருக்கும் காட்டினாள்.

"இஞ்சை பாருங்கோ, தவளை அறுத்த கை. குணம், என்ரை பிள்ளையைத் தூக்கிறதெண்டால் முதல் இதைக் கழுவிப்போட்டு வா."

"உவள் இருக்கிறபடியால் எங்களுக்கு டொக்டர் காசு மிச்சம்" என்றார் அத்தான்.

"சும்மா இருங்கோ ரெண்டு பேரும்" என்றா அம்மா. "பெட்டை படிச்ச படிப்பு இந்த வீட்டுக்குத்தான் உதவப்போகுது."

அப்படித்தான் பிரசவத்துக்கான சுத்தம் சுகாதாரமெல்லாம் என் பொறுப்பாயிற்று. யாழ்ப்பாணம் போய்க் கிருமி கொல்லும் லைசோல் வாங்கி வந்தேன். அறைக்குச் சுண்ணாம்பு அடிப்பித்தேன். பழைய வேட்டிகளை அவித்துக் காயவைத்து மடித்தேன். இதெல்லாம் மனமறிந்துதான் செய்தேன். அப்போது எனக்கு வேறு எண்ணம் எதுவும் இருக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கொழும்பில் ஒரு பரிசோதனை செய்தோம். நீங்களும் செய்திருப்பீர்கள். கூழ் உறையவைத்த கண்ணாடித் தட்டுகளில் ஒன்றைக் கழுவிய விரலால் தொட வேண்டும், இன்னொன்றைக் கழுவாத விரலால் தொட வேண்டும். தொட்ட அன்று இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். பொறுத்துப் பார்த்தால் ஒன்றில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள் பூத்திருக்கும். எனக்கு அந்தத் தட்டுகள் பிடித்திருந்தன. யாரும் கதைக்காமலே எல்லாம் தெரிந்துவிடுகிறது.

அக்காவுக்கு ஒரு காலையில் வலி தொடங்கியது. அத்தான் என்னிடம் வந்தார்.

"குணம், சந்தியிலை போய்க் கார் பிடிச்சுக்கொண்டு வரட்டே? மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம். நீ சொல்லு."

"தேவையில்லை அத்தான், வீட்டிலையே சுகமாய்ப் பெறுவா" என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. நல்லம்மாவுக்குச் சொல்லிவிட்டு, ஐயாவைக் கூட்டிவரத் தோட்டத்துக்குப் போனார்.

நல்லம்மா வந்து படலைக்கு வெளியே நின்றாள். அம்மா அக்காவோடு அறைக்குள் இருந்தா. நான்தான் போனேன்.

"பிள்ளை, நான் உள்ளுக்கு வரேலாது" என்றாள். "நீர்வேலியிலை ஒரு வீட்டிலை நேற்று வரைக்கும் நிண்டனான். பிள்ளை பெத்த பெட்டை செத்துப்போச்சு. எனக்கு அந்த வீட்டுத் துடக்கு. மாஸ்ரர் பதறிக்கொண்டு வந்தவர், அவருக்குச் சொல்ல வாய் வரேல்லை. நீங்கள் ஆஸ்பத்திரி நேர்சம்மாவைக் கூப்பிடுங்கோ."

"என்ன வருத்தம்?"

"காய்ச்சல், பிள்ளை. மூண்டாம் நாள் நடுங்கத் தொடங்கினது. பிறகு வயிறும் பொருமிப்போச்சு."

"நாற்றம் இருந்ததோ?"

"இருந்தது."

எண்ணம் எப்போது வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். அப்போதுதான் வந்தது. அதை நான் தேடிப் போகவில்லை. அது படலைக்கு வந்து நின்றது.

துடக்கு, தீட்டு என்பதெல்லாம் மூடநம்பிக்கை என்று நான் பள்ளிக்கூடச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். ஐயா அதைப் பல பேருக்குக் காட்டியிருந்தார். ஆகையால் நான் நல்லம்மாவிடம் சொன்னதில் புதினம் எதுவும் இல்லை.

"துடக்கெண்டு ஒண்டும் இல்லை, நல்லம்மா. அது எங்கடை ஆக்கள் கட்டிவிட்ட கதை. நான் படிச்சனான். வாரும்."

"அம்மா அறிஞ்சால் கொல்லுவா."

"அம்மாவுக்கு நான் சொல்லுறன்."

அவள் படலையைத் திறந்து ஒரு கால் உள்ளே வைத்தாள். பிறகு, "நீங்கள் படிச்ச பிள்ளை, சொன்னால் சரியாத்தான் இருக்கும். ஒருக்காக் கிணத்தடியிலை முழுகிப்போட்டு வாறன்" என்றாள். நேரமில்லை என்றேன். நேரம் இருந்தது. பிள்ளை பிறந்தது பின்னேரம்.

கொதித்த தண்ணீர்ப் பானை அடுப்பிலேயே இருந்தது. லைசோல் போத்தல் என் அலுமாரிக்குள் இருந்தது. நான் அவளுக்குக் கொடுத்தது கிணற்றுத் தண்ணீர், ஒரு பித்தளைச் சட்டியில். அவள் அதில் கையை நனைத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு அக்காவிடம் போனாள்.

தொப்புள்கொடி வெட்டுகிற கத்தரிக்கோலை மட்டும் நான் அவித்தேன். அதை லைசோலில் போட்டு எடுத்து, என் கையையும் முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு போய், கொடியை நானே வெட்டிக் கட்டினேன். பிள்ளையில் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

பெண் பிள்ளை. அக்கா வேர்த்துக் களைத்துக் கிடந்தாள். "குணம், கை கழுவினனியோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "அப்ப தூக்கு. பார், மூக்கு உன்ரை மூக்கு" என்றாள். நான் தூக்கினேன்.

அடுத்த நாள் வீடு சந்தோஷமாக இருந்தது. அம்மா பெற்றவளுக்கென்று சரக்கு அரைத்துக் குழம்பு வைத்தா. வீடு முழுக்க உள்ளிக் காரமும் நல்லெண்ணெயும் மணத்தன. ஆண்கள் பிரசவ அறைக்குள் வரக்கூடாது என்பதால் அத்தான் வாசலிலேயே நின்றார்.

"பூரணம், தேத்தண்ணி குடிச்சியோ?"

"குடிச்சிட்டன். நீங்கள் போய்ப் படுங்கோ. நிண்டு நிண்டு வாசல்படி தேயுது."

"பிள்ளையை ஒருக்காத் திருப்பிக் காட்டன்."

"அவ அப்பாவைப் பாக்கமாட்டாவாம். முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிய வரட்டாம்."

நான் அறைக்குள் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இருவரும் சிரித்தார்கள். அவர் என் தலைக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கும், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. அந்தக் கட்டிலில் யார் கிடந்திருக்க வேண்டும் என்பதை நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் அக்கா நடுங்கினாள். வீட்டில் வெப்பமானி பார்க்கத் தெரிந்தவள் நான் மட்டும்தான். பாதரசம் நூற்றுமூன்றுக்கு மேல் நின்றது. "நூறுதான். பால் காய்ச்சல்" என்றேன். பால் கட்டினால் காய்ச்சல் வரும் என்பது அம்மாவுக்குத் தெரிந்த விஷயம். கொத்தமல்லி அவிக்கப் போனா. மறுநாளும் நான் அப்படியே சொன்னேன். அதற்குள் பிள்ளையை என்னுடைய பாயில் கொண்டுவந்து போட்டுக்கொண்டேன். தாய்க்குக் காய்ச்சல் என்றால் பிள்ளையைப் பிரித்துவைப்பதுதான் முறை.

அதற்குப் பிறகு அத்தான் என்னைக் கேட்காமலே போய்க் காரைக் கொண்டுவந்தார். அவர் கேட்காதது எனக்கு மனவருத்தம். அக்காவைத் தூக்கி ஏற்றுகிறபோது அவள் என் கையைப் பிடித்தாள். அவளுடைய கை நெருப்பாகச் சுட்டது. "பிள்ளையைப் பார் குணம். உன்னை விட்டால் எனக்கு ஆர்?" என்றாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள் என்றே அதை எடுத்துக்கொண்டேன். கேட்கவேண்டியதுதானே. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அதிக நேரம் அவள் இருக்கவில்லை.

நீர்வேலிச் சாவின் கதை அக்காவின் செத்தவீட்டிலேயே வெளியே வந்துவிட்டது. அம்மா நல்லம்மாவைப் படலையில் வைத்துத் திட்டினா, மண் அள்ளி எறிந்தா. நல்லம்மா வாய் திறக்கவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு நிலத்தைப் பார்த்தாள். என்னைக் காப்பாற்றுவதற்காக அவள் பேசாமல் இருந்தாள் என்று நினைக்காதீர்கள். துடக்கோடு படி ஏறியதால்தான் அக்கா செத்தாள் என்று அவள் மனதார நம்புகிறாள். அதன் பிறகு எங்கள் ஊரில் அவளை ஒருவரும் கூப்பிடுவதில்லை. கச்சான் கடலை விற்றுச் சீவிக்கிறாள் என்று கேள்வி.

அக்காள் இறந்தால் தங்கையைக் கட்டிவைப்பது இங்கே நடக்கிற காரியம். பிள்ளைக்காக. நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். ஆட்டுப்பால் காய்ச்சி, போத்தலை அவித்து, இந்தப் பிள்ளையை ஒரு தும்மல்கூட இல்லாமல் வளர்த்தேன். என்னைத்தான் அம்மா என்கிறாள். ஆண்டுத் திவசம் வரைக்கும் பொறுத்திருந்தேன். பொறுமை எனக்கு உண்டு.

திவசம் முடிந்து ஒரு கிழமைக்குள் ஐயாவே அத்தானிடம் கதையை எடுத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"என்ன மாமா சொல்லுறியள்" என்றார் அத்தான். "குணம் நான் பூதக்கண்ணாடி வாங்கிக் குடுத்த சின்னப் பிள்ளை. எனக்குக் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி. அதோடை, கோவிக்காதையுங்கோ, அவ துடக்கில்லை எண்டு எழுதினதை நானும் மெச்சினனான். இப்ப அந்தத் துடக்கு எங்கடை வீட்டுப் படி ஏறின பிறகு அதை நினைக்க எனக்கு ஏலாமல் இருக்கு."

ஊர் என்ன சொல்லுமோ என்ற பயத்தில் அவர் அப்படிச் சொன்னார். எனக்குத் தெரியும். என்னைக் கைவிடுவதில் அக்காவும் அப்படித்தான், அவரும் அப்படித்தான். இப்போது நல்லூரில் ஒரு பெண்ணைப் பேசி முடித்திருக்கிறார்கள். வருகிற மாதம் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறார். இனி இங்கே எனக்கு அவிப்பதற்கு ஒரு போத்தலும் இருக்காது. நல்லம்மாவுக்கு நீதி கிடைக்கவேண்டும், அதற்காகத்தான் உங்களிடம் இதைச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள். என் அக்கா பூரணத்தை நான்தான் கொன்றேன். நல்லம்மாவின் கையை நான் கருவியாகப் பாவித்தேன், அவ்வளவுதான்.

அக்காவிடம் அன்றைக்கு என்னதான் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். மறக்கவில்லை, அப்படியே சொல்கிறேன். நான் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று அவள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன். அவளுக்கு ஒரு வாளி தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். பிறகு, "நான் திரும்பி வருமட்டும் இஞ்சை எல்லாம் இப்பிடியே இருக்கும்தானே அக்கா?" என்றேன். அவள் சவர்க்காரக் கையால் என் கன்னத்தைக் கிள்ளி, "இருக்கும், இருக்கும். நீ அழாமல் போய்ப் படி" என்றாள்.

இல்லை, அவருடைய பெயரைச் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவள் என் கூடப்பிறந்தவள், டொக்டர். அவளுக்குமா நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்?