பன்னிரண்டு வோல்ட் நாயனம்

விலை மலிவாக வாங்குகிறவன் அதே பொருளை இரண்டு தடவை வாங்க வேண்டியிருக்கும். இது நானே பட்டுத் தெரிந்துகொண்டது ஐயா. முதலில் சிதம்பரத்திலேயே கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன ஸ்பீக்கர் இரண்டு வாங்கினேன். சத்தத்தைக் கூட்டினால் கரகரவென்று இழுத்தது. ஒரே வாரத்தில் தூக்கிப் போட்டேன்.

என் பெயர் நடனசபாபதி. கீழவீதியை ஒட்டிய சந்தில், வீட்டு முன்னறையிலேயே டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறேன். யூனிவர்சிட்டிப் பிள்ளைகள் தீசிஸ் அடிக்க வருவார்கள். அடுத்த அறையில் தரையில் மெத்தை போட்டு என் மனைவி ஞானாம்பாளைப் படுக்க வைத்திருந்தேன். போன சித்திரையில் பக்கவாதம் வந்து அவளுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பிள்ளை குட்டி கிடையாது. பார்க்க வேண்டியவன் நான் ஒருவன்தான்.

நான் சுத்தக்காரன். அடுத்தவர் வாய் வைத்த டம்ளரைத் தொட மாட்டேன். அது பிறவிக் குணம், அதற்கு நான் என்ன செய்வது? அவளோ கோணின வாயோரம் கஞ்சியை வழிய விடுவாள். அது கழுத்து மடிப்பில் காய்ந்து புளித்த வாடை அடிக்கும். மூத்திரத் துணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போவேன். வந்த பிறகு எனக்குச் சோறு இறங்காது, ஓங்கரிக்கும். கட்டினவளைப் பார்த்தா ஓங்கரிப்பு என்று முகம் சுளிக்கிறீர்கள். நீங்கள் ஒரு நாள் அந்தத் துணியை அலசிவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

யோசித்துப் பார்த்தேன். உள்ளே போவதால்தானே வெளியே வருகிறது? கஞ்சியைப் பாதியாக்கினேன். தண்ணீரைக் காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் என்று குறைத்தேன். துணி குறைந்தது. ஆனால் அவள் கூப்பிட ஆரம்பித்தாள். பகல் முழுக்க தண்ணி, தண்ணி. வாய் குழறினாலும் அந்த ஒரு சொல் மட்டும் தெருவரைக்கும் தெளிவாகக் கேட்கும். காயத்ரி என்று ஒரு பெண், தன் தீசிஸுக்குத் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தவள், பாதியில் நிறுத்தி, உள்ளே யாரோ கூப்பிடுகிறார்களே என்று கேட்டாள். டாக்டர் அளந்துதான் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றேன். அந்தப் பெண் அப்புறம் வரவேயில்லை.

அதனால்தான் கடலூருக்குப் பஸ் ஏறினேன். திருப்பாதிரிப்புலியூரில் லூர்துசாமி என்கிறவர் சின்னதாக ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்தார். உள்ளங்கை அகல ஆம்ப்ளிஃபயர் ஒன்றை எடுத்துக் காட்டினார். "இது பன்னெண்டு வோல்ட்டு சார், ஆட்டோவுல கூட மாட்டுறாங்க. அடாப்டர் மட்டும் சின்னதா போட்டுடாதீங்க. கரண்டு பத்தலன்னா சத்தம் விட்டு விட்டு வரும்." எதற்கு என்று கேட்டார். படுக்கையில் கிடக்கிற மனைவிக்குப் பாட்டுப் போட என்றேன். மனிதர் கலங்கிப்போய், பழைய பாக்ஸ் ஸ்பீக்கர் ஒரு ஜோடியைச் சும்மாவே கொடுத்துவிட்டார்.

அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம். வீட்டில் கிடந்த மோடம் அடாப்டரைச் சொருகினேன். நாயனக் கச்சேரி போட்டால், தவில் ஓங்கி விழுகிற இடத்திலெல்லாம் சத்தம் அமுங்கி அமுங்கி எழுந்தது. அந்த இடைவெளியில் அவள் குரல் வெளியே கேட்டுவிட்டது. பிறகு பழைய கம்ப்யூட்டரிலிருந்து பவர் சப்ளைப் பெட்டியைக் கழற்றி, அதன் மஞ்சள் ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தேன். அப்புறம் ஒரு குறையும் இல்லை. வாய்ப்பாட்டு உதவாது, மூச்சு வாங்க நிறுத்துவார்கள். நாயனமும் தவிலும்தான் சரி. கம்ப்யூட்டரில் வரிசையாகப் போட்டுவிட்டால் நாள் முழுக்க ஓடும்.

முதல் நாள் அவள் என்னை நிறுத்தி வைத்துக் கேட்டாள். மெதுவாகப் பேசினால் அவள் பேச்சு புரியும்.

"இது நான் கேக்குறதுக்கா, எங்கொரலு கடைக்கு வர்றவுங்களுக்குக் கேக்காம இருக்குறதுக்கா?"

புத்திசாலிதான். கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

தினமும் மின்வெட்டு வேறு. இன்வெர்ட்டர் வாங்கி மாட்டினேன். கம்ப்யூட்டர், ஆம்ப்ளிஃபயர், அவள் அறை ஃபேன், மூன்றையும் அது ரொம்ப நேரம் தாங்கவில்லை. ஃபேன் ஒயரைப் பிரித்துவிட்டேன். ஃபேன் நின்றதும் ஈ வந்தது. படுத்தே கிடந்ததில் அவள் முதுகில் வந்திருந்த புண்ணில் மொய்த்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, அதனால் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு சௌந்தரம், பெண்டாட்டிக்காக நாளெல்லாம் நாயனம் போடுகிற மனுஷன் என்று தெருவெல்லாம் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். காதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

மார்கழியில் ‘தானே’ என்று பெயர் வைத்த அந்தப் புயல் அடித்தது. கடலூர்ப் பக்கம் கம்பமே நிற்கவில்லை. எங்களுக்கும் கரண்ட் போனது. அன்று மத்தியானமே இன்வெர்ட்டர் படுத்துவிட்டது. ஒரு கார் பேட்டரியை இரவல் வாங்கி வந்து ஆம்ப்ளிஃபயரை எழுப்பினேன். ஆனால் பாட்டு கம்ப்யூட்டருக்குள் அல்லவா இருந்தது? ஆம்ப்ளிஃபயர் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. அவ்வளவு யோசித்தவன் இதை யோசிக்கவில்லை.

மோட்டார் ஓடாமல் தெருவே அடிபம்பில் நின்றது. சௌந்தரத்துக்கு அவள் குரல் கேட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் தண்ணீர் இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு குடம் அடித்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஞானாக்கா தண்ணி தண்ணிங்குது மாமா. நான் போயி ரெண்டு வாயி ஊத்திட்டு வரட்டுமா?"

இப்போதுதான் கண் அசந்தாள், நானே கொடுத்துக்கொள்கிறேன் என்று குடத்தை வாங்கிக்கொண்டேன்.

கூப்பிடுவதற்கு நாக்கில் ஈரம் வேண்டும் ஐயா. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இரண்டு டம்ளரையும் நிறுத்தினேன். குடத்துத் தண்ணீரில் ஃபினாயில் கலந்து, அவள் மெத்தையைச் சுற்றித் தரையைக் கழுவினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நல்ல கையை நீட்டி, ஈரத் தரையைத் தடவி விரலை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் குரல் இறங்கியது. அதற்கடுத்த நாள் மூச்சும் நின்றது. குளிப்பாட்ட வந்த சௌந்தரம் அவளைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அவள்தான் உங்கள் ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்பினாள். அவளுக்குக் குமட்டலாம், எனக்குக் கூடாதா?

தண்ணீர் கொடுக்காமல் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். கரண்ட் மட்டும் போகாமல் இருந்திருந்தால் நான் அவளை இன்னும் பல வருஷம் நன்றாக வைத்துப் பார்த்திருப்பேன்.