பாப்பாவின் முழங்கால்

சாலையில் அடிபட்டவர்கள் செய்யும் முதல் தவறு, ஓடி வருபவர்களிடம் மரியாதைக்காக ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிடுவது. என் தங்கையும் அதைத்தான் செய்தாள். முழங்கால் நொறுங்கித் தரையில் கிடந்தபடி, இடித்த காரை ஓட்டி வந்தவரையே சமாதானப்படுத்தியிருக்கிறாள். “எனக்கு ஒண்ணும் இல்லைங்க, நீங்க பதறாதீங்க” என்றாளாம். அந்த வார்த்தையை இழப்பீட்டு வழக்கில் அவர் தரப்பு வக்கீல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

நான் நிதானமாகவே சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். இத்தனை மாதங்கள் இதைச் சுமந்து அலுத்துப்போய்விட்டது.

என் உத்தியோகத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஓய்வு பெறும்வரை ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை ஆளாக இருந்தேன். விபத்தில் அடிபட்டு இழப்பீடு கேட்பவர்கள் உண்மையிலேயே முடியாமல் இருக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை. ஒரு பார்சலோடு போய் மணியடிப்பேன். கதவைத் திறந்ததும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு நீட்டுவேன். வாங்குவதற்கு அவர்கள் நடந்து வந்தாக வேண்டும். எதிரே நிறுத்திய காரில் கூட்டாளி படம் எடுத்துக்கொண்டிருப்பான். இடுப்பு போனவர் ஒருவர் பேரனைத் தூக்கிச் சுற்றியதை அப்படித்தான் பிடித்தோம். அவர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு ஒரு நிமிடம் வலியை மறந்துவிட்டார், அவ்வளவுதான். அவருக்கு ஒன்றும் கிடைக்காமல் போயிற்று. எனக்குப் பதவி உயர்வு வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வாங்கிக்கொண்டேன்.

அந்த நிலைமை என் தங்கைக்கு வரக் கூடாது என்று முடிவு செய்தேன். அதில் என்ன தப்பு?

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நாற்பதைத் தாண்டியும் அவளை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். மழலையர் பள்ளியில் டீச்சர். நாள் முழுக்கப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கிற வேலை, முழங்கால் இல்லாமல் நடக்காது. அறுவை சிகிச்சை முடிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, மறுபடி தரையில் உட்கார முடியுமா என்பதுதான். தினமும் மடக்கி நீட்டிப் பழகினால் முடியும், விட்டுவிட்டால் மூட்டு இறுகிவிடும் என்றார் மருத்துவர். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

கீழ் அறையின் ஜன்னல் தெருவைப் பார்த்து இருந்தது. அதனால் அவளை மாடி அறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். “மூட்டை மாதிரி தூக்காதே, நான் ஒரு டீச்சர்” என்று சிரித்தாள். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பாள்.

பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். கெட்டிக்காரர். அவர் கை பட்டுக் கால் மடங்கத் தொடங்கியதும் எனக்குத் தூக்கம் போயிற்று. எதிர்த்தரப்பு அனுப்பும் மருத்துவர் வந்து காலைப் பரிசோதிப்பதற்குள் இவள் குதித்து ஓடினால் வழக்கு என்ன ஆவது? வலி தாங்கவில்லை, கொஞ்ச நாள் போகட்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி அனுப்பினேன். பாப்பாவிடம், அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது என்றேன். எங்கள் வக்கீலோ, சிகிச்சையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அதுதான் சட்டப்படியும் நல்லது என்று படித்துப் படித்துச் சொன்னார். நடந்துகொண்டிருக்கிறது என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சின்ன வயது வக்கீல். எதிரே நிறுத்திய காரில் உட்கார்ந்து பார்த்த அனுபவம் அவருக்கு ஏது?

கால் மெலிந்தது. தினமும் நான்தான் எண்ணெய் தேய்த்துவிட்டேன், மடக்காமல். பிடித்து நடக்க மருத்துவமனையில் கொடுத்த வாக்கரைக் கீழே கொண்டுபோய் வைத்தேன். பிறகு வெளியே போகும்போது அறையைப் பூட்டத் தொடங்கினேன். விழுந்துவிடுவாளோ என்ற பயம்தான். அவள் ஒரு தடவை கேட்டாள்.

“அண்ணா, எனக்கு சரியாகணும்னு உனக்கு ஆசை இருக்கா இல்லையா?”

“கேஸ் முடியட்டும் பாப்பா. உன் உரிமைக்காகத்தானே இவ்வளவும்” என்றேன். அவள் போர்வையைக் கால்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

புரிந்துகொள்ளவில்லை. நான் இல்லாத நேரத்தில் சுவரைப் பிடித்துப் பிடித்து அவளாகவே நடந்து பழகியிருக்கிறாள். ஒட்டடைக் கம்பை உடைத்துக் கைத்தடியாக்கியிருக்கிறாள். எதிர்த்தரப்பு மருத்துவர் வருவதற்கு முந்தின நாள் காலை, நான் காபி கொண்டு போகிறேன், மாடிப்படியின் உச்சியில் நிற்கிறாள். முகமெல்லாம் வேர்வை. அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை விபத்துக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. பள்ளி திறக்கப் போகிறது, தலைமை ஆசிரியை பார்க்க வருகிறார், வாசலுக்கு நடந்தே போய்க் கூட்டிவரப் போகிறேன் என்றாள்.

படியிலிருந்து திரும்பிப் பார்த்தேன், திறந்திருந்த வாசலுக்கு எதிரே ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்து வீட்டிலிருந்து மனைவியை அழைத்துப்போக வந்தவர் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் நான் அவரை வேறு எப்படி எடுத்துக்கொள்ள முடியும்?

உள்ளே போ என்று சொன்னேன். அவள் முதல் படியில் கால் வைத்தாள். காபியைக் கீழே வைத்துவிட்டு, கைத்தடியை வாங்கிக்கொண்டேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவரைப் பிடித்த கையை விரல் விரலாக எடுத்துவிட்டேன். முரட்டுத்தனமாக இல்லை. சின்னப் பிள்ளையின் கையிலிருந்து எதையாவது வாங்குவோமே, அப்படித்தான். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே விழுந்தாள். அதே முழங்கால்தான். இனி அது மடங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

தவறி விழுந்துவிட்டாள் என்று முதலில் நான் சொன்னது பொய். நானாக விழவில்லை என்று அவள் உங்களிடம் சொன்னதுதான் சரி. நீங்கள் கேட்டதற்கெல்லாம் ஆம் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பார்க்கப் போனபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது எனக்குத் தாங்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இப்போது அவளுக்குத் துணையாக விவரம் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? என் மேல் வழக்குப் போட்டு இழப்பீடு கேட்க அவளுக்கு முழு உரிமை இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. அந்த வழக்கு முடிகிறவரை தயவுசெய்து அவளை எழுந்து நிற்க விடாதீர்கள்.